'சைல்ட் 1'னு எழுதறோமே, அந்த குழந்தைக்கு பேர் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பாண்டி வீக்கெண்ட் கூட்டம் பத்தி முழு பக்கம் போட்டிருந்தீங்க. மிஷன் வீதியில வண்டி நிறுத்த இடமில்ல, பீச் ரோட்ல குப்பை, குடிச்சிட்டு கலாட்டா, ரூம் வாடகை ரெண்டு மடங்கு, எல்லாம் கரெக்ட் தான், நான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுல போட்ட போட்டோவை மறுபடி எடுத்து பாருங்க, காந்தி சிலைக்கு பக்கத்துல ஒரு மூலையில ஒரு பையன் லைட் எரியற பலூன் கட்டை தூக்கிட்டு நிக்கறான், எட்டு வயசு இருந்தா அதிகம். அவனை பத்தி ஒரு வரி கூட இல்ல. போட்டோ எடுத்தவரே கவனிச்சிருக்க மாட்டாரு. அவரை குத்தம் சொல்லல, நான் அந்த ரோட்ல தினம் நடந்து தான் வேலைக்கு போறேன், நானும் கவனிக்கறதில்ல.

நான் கடல் பக்கமா ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல ரிசப்ஷன்ல உக்காந்து 11 வருஷம் ஆச்சு. என் பேர் போடாதீங்க, எங்க முதலாளி காலையில காபியோட உங்க பேப்பரை தான் படிக்கறாரு. ஒன்பது ரூம். சனி ஞாயிறுன்னா சென்னை, பெங்களூரு ஆளுங்க, டிசம்பர் ஜனவரின்னா வெளிநாட்டுக்காரங்க. வந்தவங்க கிட்ட ஆதார் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து, நோட்டுல பேர், ஊர், போன் நம்பர், எங்கேருந்து வர்றீங்க, எங்க போறீங்க எல்லாம் எழுதி கையெழுத்து வாங்கணும். வெளிநாட்டுக்காரங்கன்னா அதுக்கு தனியா ஒரு ஃபார்ம், சி ஃபார்ம்னு சொல்லுவோம், 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல ஏத்தியாகணும், பாஸ்போர்ட், விசா, எல்லா பக்கமும் ஸ்கேன். ஒரு நாள் லேட் ஆனா முதலாளிக்கு தூக்கம் வராது.

குழந்தை வந்தா? நோட்டுல என்ன எழுதறோம் தெரியுமா சார், 'சைல்ட் 1'. ரெண்டு குழந்தைன்னா 'சைல்ட் 2'. மெத்தை கேட்டா 'எக்ஸ்ட்ரா பெட்'. அவ்ளோ தான். வெளிநாட்டு குழந்தைக்காவது கைக்குழந்தையா இருந்தாலும் தனி பாஸ்போர்ட் இருக்கு, அதனால அதுக்கு பேர் இருக்கு, பொறந்த தேதி இருக்கு, அது எங்க தங்குச்சுன்னு அரசாங்கத்துக்கு தெரியும். நம்ம ஊர் குழந்தை எங்க நோட்டுல வெறும் நம்பரு. கூட வந்த ஆளுக்கு அது பையனா, அக்கா பையனா, வழியில பழக்கமான பையனா, ஒண்ணும் கேக்கறதில்ல. இத்தனை வருஷத்துல எத்தனை 'சைல்ட் 1' எழுதியிருப்பேன்னு ஒரு நாள் ராத்திரி யோசிச்சேன், அப்புறம் தூக்கமே வரல.

அது ஏன்னா நாலஞ்சு வருஷம் முன்ன நடந்த ஒண்ணு. ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல இருக்கும், ஒரு ஆளு வந்தாரு, நாப்பது நாப்பத்தஞ்சு வயசு, நல்ல சட்டை, நல்ல பேச்சு, கூட ஒரு பையன், பன்னெண்டு வயசு இருக்கும். ஒரு ராத்திரிக்கு ரூம் வேணும்னு ஆதாரை எடுத்து நீட்டினாரு. பையன் கிட்ட பை எதுவும் இல்ல, கால்ல செருப்பு இல்ல. கையில பெரிய சாக்லேட் பாக்கெட் பிரிக்காம அப்படியே வெச்சிருக்கான். நான் சும்மா, குழந்தைங்க கிட்ட கேக்கற மாதிரி, உன் பேர் என்னப்பான்னேன். பையன் வாயை திறக்கறதுக்குள்ள அந்த ஆளு பதில் சொல்றாரு. என்ன கிளாஸ்ன்னேன், அதுக்கும் அவரே. என் அக்கா பையன், ஊர் சுத்தி காட்ட கூட்டிட்டு வந்தேன்னாரு. சரி சார், அவங்க அம்மாவுக்கு ஒரு போன் போட்டு குடுங்களேன்னேன். அவ்ளோ தான், கத்த ஆரம்பிச்சிட்டாரு. என்னை பாத்தா எப்படி தெரியுதுன்னாரு, ஆதாரை பிடுங்கிக்கிட்டு, பையன் தோள்ல கை போட்டு வெளியே கூட்டிட்டு போயிட்டாரு. அப்படியே எதிர் தெருவுக்குள்ள போனாங்க, அங்கயும் லாட்ஜ் இருக்கு.

எனக்கு அவ்ளோ தான் தெரியும். நிஜமாவே தாய்மாமனா கூட இருந்திருக்கலாம், இல்லைன்னு எப்படி சொல்ல முடியும். மறுநாள் கூகுள்ல எங்க இடத்துக்கு ஒரே ஒரு ஸ்டார், 'ரிசப்ஷன் பெண்ணுக்கு மரியாதை தெரியவில்லை'னு. முதலாளி கூப்பிட்டு, கஸ்டமரை விசாரிக்க நீ என்ன போலீஸா, ரூம் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டு போக வேண்டியது தானேன்னு திட்டினாரு. நானும் ஆமா சார்னு தலையாட்டினேன். போலீஸுக்கோ, குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098க்கோ நான் போன் பண்ணல. அதை எழுதியாகணும். கேள்வி கேட்டதோட என் கடமை முடிஞ்சிட்டதா நெனச்சிட்டேன்.

என் அண்ணன் பொண்ணு காலாப்பட்டு லா காலேஜ்ல படிக்குது, அது கிட்ட இதை ரொம்ப நாள் கழிச்சு தான் சொன்னேன். அது புக்கை எடுத்துட்டு வந்து உக்காந்துச்சு. குழந்தைங்களை பாலியல் கொடுமைலேருந்து காப்பாத்த போட்ட 2012 போக்ஸோ சட்டத்துல 19வது பிரிவு, 18 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைக்கு தப்பு நடந்ததுன்னு தெரிஞ்சா மட்டும் இல்ல அத்தை, நடந்துடுமோன்னு பயம் இருந்தாலே போலீஸ்ல சொல்லணும்னு படிச்சு காட்டுச்சு. தப்பு நடந்தது தெரிஞ்சும் சொல்லாம விட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், அது 21வது பிரிவு. நல்லெண்ணத்தோட சொன்னது அப்புறம் ஒண்ணும் இல்லைன்னு ஆனாலும் சொன்னவங்க மேல கேஸ் போட முடியாது. 20வது பிரிவுல ஹோட்டல், லாட்ஜ், கிளப், ஸ்டூடியோன்னு பேரை சொல்லியே எழுதியிருக்கு, அங்க வேலை செய்யற யாரா இருந்தாலும், குழந்தைகளை ஆபாசமா காட்டற படமோ வேற எதுவோ கண்ணுல பட்டா போலீஸுக்கு தகவல் குடுக்கணும், எத்தனை பேர் வேலை செய்யற இடம்னு கணக்கே இல்ல. ரூம் கூட்டற அக்காவுக்கும் பொருந்தும். 11 வருஷத்துல இதை எங்க கிட்ட யாரும் சொன்னதில்ல சார். தீயணைப்பு சிலிண்டர் எப்படி பிடிக்கறதுன்னு வந்து சொல்லிக் குடுத்தாங்க, அது நல்லது தான்.

கோவால இதுக்கு தனி சட்டமே இருக்கு, 2003ல போட்டது. குடும்பத்தோடயோ சொந்தக்காரங்களோடயோ தங்கறதா பதிவு பண்ணாத குழந்தையை ஹோட்டல் ரூமுக்குள்ள விடக்கூடாதுன்னு அதுல இருக்கு. குழந்தைங்க பாதுகாப்புக்கு ஹோட்டல்காரங்க பொறுப்பு, அதை ஒட்டி இருக்கற பீச்சும் சேர்த்து. அவங்க சும்மா போடல, பட்டு தான் போட்டாங்க. ஃப்ரெடி பீட்ஸ்னு ஒரு வெளிநாட்டு ஆளு மட்காவ் பக்கம் அனாதை பசங்களுக்கு ஆசிரமம் மாதிரி நடத்திட்டு இருந்தாரு, ஊர்ல நல்ல மனுஷன்னு பேரு. 1991ல பிடிச்சாங்க, வீட்டுல கட்டு கட்டா பசங்களோட ஆபாச போட்டோ, 1996ல தண்டனை ஆச்சு. பாண்டியும் கோவா மாதிரி ஆகணும்னு நம்ம ஊர் ஆளுங்க வாய் ஓயாம சொல்றாங்களே, பார், க்ரூஸ், பீச் பார்ட்டி எல்லாம் அங்கேருந்து கொண்டு வரலாம், அந்த சட்டத்துல ஒரு பக்கத்தை கொண்டு வரக்கூடாதா?

இதை படிச்சதும் நிறைய பேர் ஆமா இந்த வெள்ளைக்காரங்களாலன்னு ஆரம்பிப்பீங்க. தயவு செஞ்சு அங்க போகாதீங்க. நான் சொன்ன ஆளு தமிழ் ஆளு, ஆதார்ல நம்ம மாநிலத்து அட்ரஸ். எங்களுக்கு வர்றதுல பத்துல ஒன்பது பேர் நம்ம நாட்டு டூரிஸ்ட் தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் புத்தகம் போடுதே, அதுல போக்ஸோ கேஸ்ல பத்துல ஒன்பதுக்கு மேல குழந்தைக்கு முன்னயே தெரிஞ்ச ஆளுன்னு வருது. டூரிஸ்ட் ஊர்ல என்ன வித்தியாசம்னா, ஒரே நாள்ல 'தெரிஞ்ச ஆளு' ஆயிடலாம். ரெண்டு நாள் ஐஸ்கிரீம் வாங்கி குடுத்து, போன்ல கேம் ஆட விட்டு, கட்டு பலூனையும் மொத்தமா நானே வாங்கிக்கறேன்னா போதும், அந்த பையனுக்கு அந்த அங்கிள் கடவுள். வெளிநாட்டுக்காரன் தப்பு பண்ணா விமானம் ஏறி தப்பிச்சிடுவான்னு ஒரு பேச்சு இருக்கு, பிரான்ஸ் மாதிரி நாடுகள்ல அவங்க குடிமக்கள் வெளிநாட்டுல குழந்தை கிட்ட தப்பு பண்ணாலும் அங்கயே கேஸ் நடத்த சட்டம் இருக்கு, அதனால அதுவும் முழு உண்மை இல்ல. ஆனா எதுக்கும் முதல்ல இங்க ஒருத்தர் வாயை திறந்து சொல்லணும்.

பீச் ரோட்டுக்கு வர்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அங்க வண்டி விடறதில்ல, நடக்க நல்லா இருக்கும், குடும்பம் குடும்பமா வருவாங்க. பசங்களும் அப்ப தான் வருவாங்க, பலூன், ரோஜாப்பூ, பாசிமணி, சிலது கையை மட்டும் நீட்டும். நமக்கு மனசு கேக்காது, பத்து ரூபா குடுப்போம். நானும் குடுத்திருக்கேன், ஒரு தடவை மழையில நனைஞ்ச பாப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கி குடுத்தேன், அடுத்த நாள் அது ஸ்வெட்டர் இல்லாம நிக்குது, ஏன்மான்னா போட்டா யாரும் காசு தரமாட்டாங்களாம். அன்னிக்கு தான் எனக்கு உறைச்சது, நம்ம இரக்கத்தை யாரோ கணக்கு போட்டு வெச்சிருக்காங்க, எவ்ளோ நனைஞ்சா எவ்ளோ வரும்னு. பதினோரு மணிக்கு அந்த காசை வாங்க ஒரு பெரிய ஆளு சுவர் ஓரமா வருவாரு, நீங்களே நின்னு பாருங்க. குழந்தையை பிச்சை எடுக்க வெச்சா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் அபராதம்னு சிறார் நீதி சட்டம் சொல்லுது. 14 வயசுக்கு கீழ இருக்கற பசங்களை ஹோட்டல், டீக்கடை, ரிசார்ட்ல வேலைக்கு வெக்கக்கூடாதுன்னு 2006லயே தடை போட்டாச்சு. அதுக்காக பாசிமணி விக்கறவங்களை எல்லாம் சந்தேகப்பட்டு துரத்தறதும் நான் சொல்லல, அம்மா பக்கத்துல கடை விரிச்சிருக்க குழந்தை அங்க விளையாடறது வேற, நடு ராத்திரி தனியா டூரிஸ்ட் பின்னாடி ஓடறது வேற. அந்த வித்தியாசம் அந்த ரோட்ல சுண்டல் விக்கறவருக்கு நல்லாவே தெரியும், அவரை கேட்டாலே சொல்லுவாரு.

அப்புறம் போட்டோ. பெரிய பெரிய கேமரா வெச்சிக்கிட்டு மஞ்ச சுவர் முன்னாடி அழுக்கு சட்டை குழந்தையை நிக்க வெச்சு எடுக்கறாங்களே, அந்த குழந்தையோட அம்மாவை யார் கேட்டா? உங்க வீட்டு குழந்தையை ரோட்ல யாராவது அப்படி நிக்க வெச்சா சும்மா இருப்பீங்களா?

அனாதை குழந்தைங்க ஹோம் விஷயம் சொல்லணும், கோவம் வந்தாலும் பரவாயில்ல. எங்க கெஸ்ட்ல மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது கேப்பாங்க, மேடம் இங்க பக்கத்துல ஏதாவது ஆர்ஃபனேஜ் இருக்கா, பையனுக்கு பர்த்டே, கேக் வெட்டி சாப்பாடு போடலாம்னு இருக்கோம்னு. நல்ல எண்ணம் தான், சந்தேகமே இல்ல. ஆனா முன்ன பின்ன தெரியாத ஆளு ஒரு டப்பா பிரியாணியோட போனா உள்ள விட்டு, பசங்க தோள் மேல கை போட்டு செல்ஃபி எடுக்க விடற ஹோம் நல்ல ஹோமா, இல்ல வாசல்லயே நிறுத்தி நீங்க யாரு, எதுக்குன்னு கேட்டு சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கிட்டு அனுப்பற ஹோம் நல்ல ஹோமா? மும்பைல கொலாபா பக்கம் ஆங்கரேஜ்னு ஷெல்டர் நடத்தின ரெண்டு பிரிட்டிஷ்காரங்க பசங்களை பாலியல் கொடுமை பண்ண கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, ஹைகோர்ட் விடுதலை பண்ணதை மாத்தி 2011ல தண்டனையை உறுதி பண்ணாங்க. அங்கயும் தெருவுல இருந்த பசங்களுக்கு சோறு போட்டு, துணி குடுத்து தான் ஆரம்பிச்சது. இப்ப குழந்தைங்க ஹோம் எதுவா இருந்தாலும் சட்டப்படி பதிவு பண்ணியே ஆகணும். யாராவது ஹோம் கேட்டா நான் இப்ப, பதிவு சர்டிஃபிகேட்டை காட்ட சொல்லுங்க, உள்ள போகாம அரிசி மூட்டையை குடுத்துட்டு வாங்கன்னு சொல்றேன். பாதி பேருக்கு முகம் வாடிடும், போட்டோ இல்லாம என்ன பர்த்டே.

எங்க அம்மா ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். 2004 சுனாமி அப்ப நான் அங்க தான் இருந்தேன். அடுத்த வாரமே வேன் வேனா ஆளுங்க வந்தாங்க, துணி, பாய், பாத்திரம், புண்ணியவானுங்க. அதுலயே சில பேர் அப்பா அம்மா போன குழந்தை இருந்தா குடுங்க, நாங்க வளர்க்கறோம்னு கேட்டாங்க. அரசாங்கம் கண்டிப்பா சொல்லிடுச்சு, யாரும் யாரையும் அப்படி கூட்டிட்டு போக முடியாதுன்னு, கடலூர்லயே அரசு இல்லம் தொறந்து அந்த பிள்ளைங்களை வெச்சு படிக்க வெச்சாங்க. அப்ப எங்க ஜனங்களுக்கே சிலருக்கு வருத்தம், நல்லா வாழற இடத்துக்கு போக வேண்டிய பிள்ளையை தடுக்கறாங்களேன்னு. இப்ப யோசிச்சா அந்த கண்டிப்பு எவ்ளோ பெரிய விஷயம்னு புரியுது. ஊரே பொணம் தூக்கிட்டு இருந்த நேரத்துல நீ யாரு, இந்த குழந்தைக்கு நீ என்ன வேணும்னு கேக்க முடிஞ்சுது, ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துகிட்டு எங்களால கேக்க முடியல.

இப்ப இன்னொரு தலைவலி, ஆளே இல்லாத வில்லாங்க. ஆன்லைன்ல காசு கட்டினா வாட்ஸ்அப்ல சாவி பெட்டி நம்பர் வந்துடும், தொறந்துக்கிட்டு போயிட்டே இருக்கலாம், யார் வந்தாங்க, கூட யாருன்னு பாக்க ஒரு கண்ணு கிடையாது. அதுல பாதி கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி பக்கம், அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு போலீஸ். இந்தப் பக்கம் முத்தியால்பேட்டை, நம்ம சிவப்பு தொப்பி புதுச்சேரி போலீஸ். தெக்கால போனா முள்ளோடை தாண்டினா கடலூர் மாவட்டம். நடுவுல ஒரு தெரு தான் எல்லை, ஒரு சாக்கடை தான் எல்லை. புகார்னு போனா இது எங்க லிமிட் இல்லைன்னு அலைய விட்ட கதை எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும். எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் எஃப்ஐஆர் போட்டு அப்புறம் மாத்தி அனுப்பணும்னு 2024 ஜூலைல வந்த புது சட்டத்துலயே எழுதியாச்சு, ஜீரோ எஃப்ஐஆர்னு சொல்றாங்க. ஸ்டேஷன் வாசல்ல அதை பெருசா எழுதி வெக்கலாம்.

சுற்றுலாத்துறைக்கு நான் கேக்கறது பெரிய செலவு ஒண்ணும் இல்ல. மத்திய சுற்றுலா அமைச்சகம் பாதுகாப்பான, கண்ணியமான சுற்றுலான்னு 2010 ஜூலை 1ஆம் தேதியே ஒரு நடத்தை விதி போட்டிருக்காம், ஸ்டாஃபுக்கு சொல்லிக் குடுக்கணும், கெஸ்ட்டுக்கு தெரியப்படுத்தணும்னு அதுல இருக்காம், என் அண்ணன் பொண்ணு தான் தேடி எடுத்துச்சு. அதை லைசென்ஸ் குடுக்கும் போது கையில குடுங்க. லாட்ஜ் நோட்டுல குழந்தை பேர், வயசு, கூட வந்தவருக்கு என்ன உறவுன்னு மூணு கட்டம் கூடுதலா போட சொல்லுங்க, வில்லாவுக்கும் சேர்த்து. ரிசப்ஷன்ல 1098னு ஒரு போர்டு. எங்க முதலாளி மாதிரி ஆளுங்க பிசினஸ் போயிடும்னு சொல்லுவாங்க, நான் பாத்த வரைக்கும் குழந்தை பேரை கேட்டா நிஜ அப்பா அம்மா யாருக்கும் கோவம் வரல, இனிஷியலோட சொல்லுவாங்க, சில பேர் திருக்குறள் ஒண்ணு சொல்லு ஆன்ட்டிக்குன்னு ஆரம்பிச்சிடுவாங்க, அது வேற தொல்லை. ஆதார் கொண்டு வரலைன்னா ஸ்கூல் ஐடி போட்டோ போன்ல இல்லாத அம்மா இருக்காங்களா இப்ப?

ஆசிரியர் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. உங்க பேப்பர்னு இல்ல, பொதுவா சொல்றேன். லாட்ஜ்ல ரெய்டுன்னா '16 வயது அழகி மீட்பு'னு போடறாங்க. பதினாறு வயசுன்னா அது குழந்தை சார், அழகி இல்ல. அந்த பொண்ணுக்கு நடந்தது கொடுமை, அது 'உல்லாசம்' இல்ல. பேரை மாத்திட்டேன்னு கீழ ஒரு வரி போட்டுட்டு மேல தெரு பேர், ஸ்கூல், அப்பா என்ன வேலை, எத்தனாவது பொண்ணுன்னு எல்லாம் எழுதினா அந்த தெருவுல யாருக்கு தெரியாம போகும்? அடையாளம் வெளியிட்டா ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அதே போக்ஸோல 23வது பிரிவு இருக்கு.

கடைசியா அந்த பலூன் பையன். உங்க பேப்பர்ல போட்டோ வந்த அன்னிக்கு ராத்திரி டூட்டி முடிஞ்சு அவன் கிட்ட போனேன். உன் பேர் என்னடா கண்ணான்னேன். அக்கா பலூன் வேணுமா வேணாமான்னான். கொஞ்சம் தள்ளி போய் நின்னு 1098க்கு போன் போட்டேன், எந்த இடம், எத்தனை வயசு இருக்கும், என்ன டிரஸ், கூட யாராவது பெரியவங்க இருக்காங்களான்னு பொறுமையா கேட்டு எழுதிக்கிட்டாங்க, என் பேரை யாருக்கும் சொல்ல மாட்டோம்னாங்க. மறுநாள் ராத்திரி அவன் அங்க இல்ல. அதே இடத்துல ஒரு பொண்ணு, அவனை விட சின்னது, அதே பலூன் கட்டோட நின்னுட்டு இருந்துச்சு. மறுபடியும் போன் போட்டேன்.

இப்படிக்கு,
ஒரு ரிசப்ஷன் அக்கா,
குருசுக்குப்பம், புதுச்சேரி.